பொட்டிக்குள்ள மேக்கணக்கு

— சரியாத் தெரியல நானா. மொதல்ல திரை இருட்டாச்சா, இல்ல அம்மா வயர அசைச்ச பொறகு இருட்டாச்சா... நான் சொல்றது பிசகாவும் இருக்கலாம். நான் வேல முடிஞ்சு வரும்போதே இப்படித்தான் கெடந்திச்சு.

— பிசகா இருந்தாலும் சொல்லுங்க தங்கச்சி. டொக்டர்கிட்டயும் ரிப்பேர்காரன்கிட்டயும் ஒளிக்கப்படாது. அப்டேட்டுன்னு ஏதாச்சும் வந்திச்சா?

— பாத்தது அம்மாதான். அதுக்கு எழுத்து தெரியாது.

— அப்ப காளியாயம்மா, நீங்க சொல்லுங்க. இந்த கேம் பொட்டியில என்னத்த கண்டீங்க?

— கோடு ஒண்ணு ஓடிச்சு தம்பி. நத்த ஊருற மாதிரி. பாதி தூரம் போச்சு, நின்னுச்சு. இப்ப கம்பெனிக்காரன் படம் வருது, போவுது, வருது, போவுது. நாலு நாளா இதே கூத்து. இன்னிக்குச் சரியாயிருமா?

— பாக்குறேனே. அப்டேட்டுன்னா வேற ஒண்ணுமில்லம்மா, உள்ளுக்குள்ள பழைய வீட்ட ஒடச்சுட்டு புது வீடு கட்டுறது. பாதி ஒடச்சதும் மேசன் ஓடிட்டான்னு வைங்க. பழசும் இல்ல, புதுசும் இல்ல.

— எங்கள மாதிரின்னு சொல்லுங்க நானா. மல சரிஞ்சு தோட்டத்து லய வீடும் இல்ல, கட்டித் தர்றதாச் சொன்ன வீடும் வரல. ஸ்கூல் கிரவுண்டு கொட்டில்லயே வருசம் ஒண்ணாகப் போவுது.

— அத நெனச்சு சொல்லல ஜீவராணி தங்கச்சி.

— தெரியும் நானா. நீங்க வேலயப் பாருங்க. நோட்டன் பிரிட்ஜ் பஸ் போயிட்டா அப்புறம் நாங்க இங்க ஹட்டன்ல ஒங்க கடை வாசல்லதான் படுக்கணும்.

— இன்னிக்குச் சரியாகலன்னா நான் இங்கயே படுத்துக்கிறேன் ராணி. நீ போ.

— பாத்தீங்களா? நாலு நாளா இப்படித்தான். ராத்திரி ஒரு வாய் சோறு எறங்கல. மருந்துக்கு அலைஞ்சா பரவால்ல, இதுக்குப் போயி.

— சரி சரி, பாருங்களேன்... சார்ஜ் போடுற ஓட்டைக்குள்ள என்ன இது, வெள்ளையா அடைச்சுக்கிட்டு? சிமெந்தா?

— துன்னூறு.

— துன்னூறா?

— வெளக்கு வைக்கிற நேரம் அம்மா இத என் தம்பி படத்துக்கு முன்னுக்கு வச்சு, துன்னூறு பூசி, பொட்டு வச்சு, தண்ணி தெளிச்சுத்தான் கும்பிடும். வினோஜனுக்குப் புடிச்சதுன்னா இது ஒண்ணுதானே.

— மவுத்தானவங்களுக்குப் புடிச்ச சாப்பாடு படைப்பீங்கன்னு தெரியும். கேமயுமா படைப்பீங்க?

— சுருட்டு வைக்கிறாங்க, சாராயம் வைக்கிறாங்க. இத வச்சா மட்டும் குத்தமா தம்பி?

— குத்தமில்லம்மா. ஆனா சாராயத்துக்கு யாரும் சார்ஜ் போடுறதில்லையே. ஊசி எங்க வச்சேன்... வருது, வருது. அல்லாவே, ஒரு கோயிலுக்குக் காணும் போல இருக்கே. இதாலதான் கரண்டு உள்ள போகல. அப்டேட் பாதி ஓடும்போது பெட்டரி செத்திருச்சு.

— கேட்டியாம்மா? ஒன் பக்திதான் பொட்டிய கொன்னுருச்சு.

— நான் என்னத்தடி கண்டேன். உசுரோட இருக்கணும்னுதான் பூசுனேன்.

— உசுரோட இருக்கு. இந்தா, சார்ஜ் ஏறுது. இப்ப பாருங்க தங்கச்சி, இந்த ரெண்டு பட்டனயும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டு ஓன் பண்ணணும்... இன்னும் கொஞ்சம்... ஹா. வந்திருச்சு. மூணு வழி காட்டுது. லேசான வழி, எல்லாத்தயும் அழிச்சுட்டு கடையில வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரி ஆக்குறது. தேத்தண்ணி குடிச்சு முடியறதுக்குள்ள ஆயிரும்.

— அப்ப அதயே செய்யுங்க நானா. அம்மாவுக்கு வெளிச்சம் வந்தா போதும். படத்துக்கு முன்னுக்கு எரிஞ்சா சரி.

— அழிக்காத.

— அம்மா, உள்ள என்ன இருக்குன்னு ஒனக்கு...

— தம்பி, ஒன் காலப் புடிக்கிறேன். அழிக்காத. உள்ள எங்க லயம் இருக்கு.

— என்ன நானா சொல்லுது இது?

— அது மெய்தான் தங்கச்சி. ஒங்களுக்குத் தெரியாதா? ஊர் கட்டுற கேம் ஒண்ணு. வினோஜன் இதுக்குள்ள தோட்டத்து மேப்பக்கம் இருந்த ஒங்க மேக்கணக்கு லயத்த அப்படியே கட்டியிருந்தான். காம்பரா காம்பராவா, ஒரு அறை விடாம. தண்ணி புடிக்கிற பீலிக்கரை, கோயில், கோயில் மணி. நானும் அந்த ஊர்ல ஒரு ஆள். அவன் அந்த மணிய அடிச்சா ஊர்ல சேந்தவங்க எல்லார் போன்லயும் பொட்டியிலயும் கிணுங்கும். ‘நானா, வெளையாட வாங்க’ன்னு அர்த்தம். வியாபார நேரத்துலதான் அடிப்பான், படுவா.

— நீங்க இப்ப வெளையாடுறதில்லையா?

— அவன் போனதுக்குப் பொறகு போன்ல இருந்து எடுத்துட்டேன். மனசு வரல.

— எனக்குத் தெரியாது. ஏதோ சுட்டுத் தள்ளுற கேம்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரருதான் அவன்கூட சேந்து பாப்பாரு. மச்சானும் மச்சானும் போர்வைக்குள்ள தலைய விட்டுக்கிட்டு.

— அப்ப அழிக்கலாமா, வேணாமா?

— வேணாம் நானா. அம்மா சொல்றபடியே செய்யுங்க.

— அப்ப ரெண்டாவது வழி. உள்ள இருக்கிறத தொடாம அப்டேட்ட மட்டும் திரும்ப எறக்குறது. சுணங்கும். மழைக்கு வைஃபையும் நத்ததான். உக்காருங்க காளியாயம்மா, அந்த ஸ்டூல இழுத்துக்குங்க. ப்ளேன்டி சொல்லவா?

— எனக்கு வேணாம். கோடு ஓடுதா?

— ஓடுதும்மா.

— ஓடட்டும். நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.

— தங்கச்சி, ஒண்ணு கேக்கலாமா. கோயில்ல அவன் படம் போட்டிருக்காங்களாமே? பஸ்காரங்க சொன்னாங்க. மணி அடிச்சுக்கிட்டே போன பொடியன்னு.

— புதுக் கோயில் தகரக் கொட்டாயில, சாமி பக்கத்துலயே. மால போட்டு. மழமானி பாக்குற பொறுப்பு அவன்கிட்டதானே இருந்திச்சு. ஆபீசர்மாரு வந்து லயத்துக்கு ஒண்ணு குடுத்தாங்க, தண்ணி செவப்புக் கோட்டத் தாண்டுனா மணி அடிச்சு எல்லாரயும் எழுப்பி ஸ்கூலுக்குப் போயிரணும்னு. அன்னைக்கு எல்லாரும் ‘வினோ முழிச்சிருக்கான், நீ படு’ன்னு படுத்தாங்க. அவனும் அடிச்சான். அடிச்சான்தான். ஆனா எனக்கு மணிச் சத்தமும் மலச் சத்தமும் ஒண்ணாக் கேட்ட மாதிரி ஒரு ஞாபகம். மழ அப்படிக் கொட்டிச்சு. அவன் நேரத்தோட அடிச்சும் எங்க காதுக்குத்தான் சுணங்கி வந்திச்சோ என்னமோ.

— ஒங்க வீட்டுக்காரரு அன்னைக்கு...

— சின்னத்தம்பி பெரியவருக்கு இழுப்பு. தொணைக்குப் படுக்கப் போனாரு, லயத்தோட அந்தக் கோடிக்கு. எங்க கோடி நின்னுச்சு. அந்தக் கோடி போயிருச்சு. அவர எடுத்தாங்க நானா. மொகத்த கழுவி விட்டு நான் பாத்தேன். தம்பியத்தான் எடுக்க முடியல. கோயிலே இல்லையே, எங்க தோண்டுறது. தர்ப்பப் புல்லுல ஆள் செஞ்சுதான் எரிச்சோம்.

— பாவம். அவன் கையில பொட்டியும் இல்லாம போயிருக்கான்.

— அதான் எனக்கு இன்னும் வெளங்காத விசயம். நான் தேயிலைக்குள்ள ஓடி விழுந்து எந்திரிச்சுப் பாக்குறேன், அம்மா நிக்குது. ஐடென்டி கார்ட் எடுக்கல, காதுத்தோட எடுக்கல. மடியில இந்தப் பொட்டி. ஏம்மா இத எடுத்துட்டு வந்தேன்னு எத்தன தரம் கேட்டிருப்பேன்.

— அம்மா பாட்டுக்கு கோட்டயே பாத்துக்கிட்டு இருக்காங்க.

— அப்படித்தான். கேட்டா பதில் வராது.

— முடிஞ்சிருச்சு தம்பி. கோடு முடிஞ்சிருச்சு.

— பாருங்களேன், எனக்கு முந்தி அம்மா கண்டுட்டாங்க. சரி, புது வீடு கட்டியாச்சு. பழைய சாமான் எல்லாம் உள்ள இருக்கான்னு பாப்போம். இந்தா ஊர் கேம். திறக்குது...

— வந்திருச்சா நானா?

— கொஞ்சம் பொறுங்க.

— என்ன எழுதியிருக்கு?

— இருங்க, இன்னொரு தரம் படிக்கிறேன்.

— ரிஃகான் நானா. சொல்லுங்க. அழிஞ்சிருச்சா?

— அழியல. தங்கச்சி, வீட்டுல இவன் கணக்கு வேற யாருக்காச்சும் தெரியுமா? பாஸ்வேர்ட யாருக்காச்சும் குடுத்தீங்களா?

— பாஸ்வேர்டுன்னா என்னன்னு எங்க வீட்டுல யாருக்குத் தெரியும்?

— இது சொல்லுது... இந்தக் கணக்கு இப்ப இன்னொரு மெஷின்லயும் திறந்திருக்காம்.

— இப்பன்னா?

— இப்பதான். இந்த நிமிசம்.

— யாராவது களவெடுத்திருப்பாங்க.

— அப்படித்தான் நானும் நெனைக்கிறேன். எவனாவது எங்கயோ இருந்துகிட்டு செத்தவன் கணக்க வச்சு வெளையாடுறான். உலகம் அப்படி ஆயிருச்சு. நிப்பாட்டிருவோமா? இங்க இருந்தே அவன வெளிய தள்ளலாம்.

— தள்ளாத தம்பி.

— நீ சும்மா இரும்மா. நானா, மொதல்ல உள்ள காட்டுங்க. களவாணி என்ன செஞ்சு வச்சிருக்கான்னு பாப்போம்.

— இந்தா பாருங்க.

— ஐயோ. இது எங்க லயம்.

— சொன்னேனே.

— பீலிக்கரை. அந்த ஒடஞ்ச படி. இங்க பாருங்க, கொய்யா மரத்துல துணிக்கொடி. நாந்தான் கட்டுனேன் அத, கயித்த மரத்துல கட்டாதன்னு அவர் ஏசுவாரு. நானா, இவ்வளவு நல்லா கட்டியிருக்கான், நான் ஒரு நாள்கூட எட்டிப் பாக்கல.

— நான் கடைசியாப் பாத்தப்ப இந்த வெளக்கெல்லாம் இல்ல.

— எந்த வெளக்கு?

— வாசல்ல வாசல்ல எரியுதே. எல்லா வீட்டுக்கும் இல்ல. இது ஒண்ணு. அப்புறம் அந்தப் பக்கத்துல வரிசையா.

— அது சின்னத்தம்பி பெரியவரு வீடு.

— சரி.

— இது ஆண்டியப்பன் அண்ணன் வீடு. அடுத்தது செல்லசாமி மாமா. நானா. கொஞ்சம் நகத்துங்க. இந்தப் பக்கம் வாங்க. எங்க வீடு, எங்க வீடு காட்டுங்க.

— இதுவா?

— இதுதான். வெளக்கு இருக்கு. ஒரே ஒரு வெளக்கு. பக்கத்துல அவரோட ரப்பர் செருப்பு. நீலப் பட்டி.

— தங்கச்சி, உக்காருங்க.

— செத்தவங்க வீட்டுக்கு மட்டும் வெளக்கு வச்சிருக்கு நானா. களவாணிக்கு எப்படித் தெரியும் எங்க லயத்துல யார் யார் செத்தாங்கன்னு? நீலச் செருப்பு எப்படித் தெரியும்?

— தெரியாது. வெளியாளுக்குத் தெரியாது.

— கோயில காட்டுங்க.

— கோயில் இருக்கு. ஆனா மணி அங்க இல்ல. பாருங்க, வெறும் கம்பி. மணியக் கழட்டி ஒங்க வீட்டு வாசல்ல மாட்டியிருக்கு.

— வினோஜன் எங்க இருப்பான்? கேம்ல அவனுக்கு ஒரு ஆள் இருக்கும்தானே. பொம்ம.

— இருக்கும். செவப்புத் தொப்பி போட்ட... இந்தா. ஒங்க வாசப்படியிலதான் உக்காந்திருக்கு.

— நீங்களா உக்கார வச்சீங்க?

— நான் தொடல. அங்க இருந்து எவனோ வச்சிருக்கான். தல ஆடுதே, பாருங்க. அவனும் இப்ப இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கான்.

— அம்மா. அம்மா, கேக்குதா ஒனக்கு? நானா என்ன சொல்றாருன்னு வெளங்குதா?

— கேக்குது.

— வினோ உசுரோட இருக்கான் போல இருக்கும்மா.

— ம்.

— என்ன ‘ம்’? நீ ஏன் அழல? நான் இங்க நெஞ்சு வெடிக்க நிக்கிறேன், நீ ஏன் அப்படியே உக்காந்திருக்க?

— அவன் செத்திருந்தா நான் ஏன்டி தெனம் இதுக்கு சார்ஜ் போடுறேன்.

— காளியாயம்மா...

— நீங்க பேசாதீங்க நானா. அம்மா, எப்ப தெரியும் ஒனக்கு?

— கருமாதி முடிஞ்சு முப்பதுக்கு படையல் போட்டோம்ல. இத வச்சு கும்பிட்டேன். அவன் அமுக்குறத பாத்துப் பாத்து எனக்கும் ரெண்டு பட்டன் தெரியும். அமுக்குனேன். லயம் வந்திச்சு. நம்ம வாசல்ல வெளக்கு. அவன் வெளையாடுறப்ப அது இல்ல. யார் ஏத்துனாங்கன்னு கேட்டேன் ஒன் கொழுந்தன் பொண்ணுகிட்ட. யாராச்சும் உள்ள வந்து ஏத்துனாத்தான் பாட்டி எரியும்னா.

— அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க தேடியிருக்க மாட்டோமா? கொழும்பு என்ன, எங்க இருந்தாலும் போயிருக்க மாட்டோமா? புல்லுக்குக் கொள்ளி வச்சுட்டு, கோயில்ல படத்தப் போட்டுட்டு... அவன் ஏம்மா வரல? ஊரே அவன சாமி மாதிரி கும்பிடுது, வர்றதுக்கு அவனுக்கு என்ன?

— அதாலதான் வரல.

— வெளங்குற மாதிரி சொல்லு.

— அன்னைக்கு இது அவன் கையில இருந்திச்சு ராணி. மழ கொட்டுது. நான் சொன்னேன், டேய், மானிய பாத்துட்டு வாடான்னு. இந்தா முடிச்சுட்டுப் போறேம்மான்னான். மறுபடி சொன்னேன். இந்தா ஆச்சுன்னான். அப்புறம் நான் எந்திரிச்சுப் போயி டோர்ச் அடிச்சுப் பாத்தேன். கோடு எங்க இருக்கு, தண்ணி எங்க இருக்கு. கோட்டுக்கு மேல ஒரு சாண் நிக்குது. ஓடி வந்து அவன் கையில இருந்து இத புடுங்கி மடியில சொருகிக்கிட்டேன். அடிரா மணியன்னேன். ஓடுனான். அடிச்சான். அதுக்குள்ள மல எறங்கிருச்சு.

— வெளையாடிக்கிட்டு இருந்தானா.

— ஆமா.

— என் புருஷன் அவன நம்பிப் படுத்தாரு. ‘வினோ பாத்துக்குவான், நீ கதவ சாத்திக்க’ன்னுட்டுப் போனாரு. அவன் வெளையாடிக்கிட்டு இருந்தானா.

— ஆமாடி.

— நீ என் கூடவே ஒரே பாயில படுத்திருந்த இத்தன மாசம். நான் ராத்திரி அழுதா முதுகத் தடவி விடுவ. இத மனசுல வச்சுக்கிட்டா தடவுன?

— ஒன் புருஷன் துஷாந்த் போயிட்டாரு. சின்னத்தம்பி பெரியவரு போயிட்டாரு. ஆண்டியப்பன் குடும்பத்தோட போயிட்டான். செல்லசாமி போயிட்டான். என் மகன் எப்படியோ தப்பிச்சு இருக்கான். ஒன் தாலி போன வீட்டுல உக்காந்துகிட்டு, என் புள்ள இருக்கான்னு நான் எந்த வாயால சொல்றது?

— தள்ளிப் போ. தொடாத என்ன.

— ஏசு ராணி. ஏசிரு.

— தண்ணி குடிங்க தங்கச்சி. இந்தாங்க.

— வேணாம்.

— அம்மா, அப்ப நீங்க பாக்குறது அவனுக்குத் தெரியுமா?

— தெரியும் தம்பி. இதுக்குள்ள பூ வைக்கலாம்ல, மஞ்சப் பூ. வெளக்கு வைக்கிற நேரம் நான் அந்த வாசல்ல ஒரு பூ வப்பேன். மறுநாள் பாத்தா அதுக்குத் தண்ணி ஊத்தியிருக்கும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேசுனதில்ல. ஒருநாள் தவறுனதில்ல. இப்ப நாலு நாளா நான் பூ வைக்கல. அம்மாவும் போயிட்டான்னு நெனச்சுக்குவான். அதான் அங்கயே உக்காந்திருக்கான்.

— அதுக்குத்தான் சோறு எறங்கலையா ஒனக்கு.

— குடு தம்பி. மொதல்ல அந்தப் பூவ வச்சிடுறேன். அப்புறம் இவ என்ன செஞ்சாலும் செய்யட்டும்.

— இந்தாங்க. மெதுவா. வயரு தட்டும்.

— ... வச்சிட்டேன்.

— இப்ப நானாகிட்ட குடும்மா.

— என்ன செய்யப் போற?

— குடு. நானா, மணிக்கு எந்தப் பட்டன்?

— அந்த ஓரத்துல இருக்கிறது. தங்கச்சி, யோசிச்சுக்குங்க. அமுக்குனா அவன் இருக்கிற எடத்துல கேக்கும். அம்மா மட்டுமில்ல, வேற ஆளும் இருக்காங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும். பயந்து இனிமே வராமலே போனாலும் போவான்.

— கேக்கட்டும். எங்க வீட்டுக்காரருக்குத்தான் நேரத்துக்குக் கேக்கல.

— நெசமாவா?

— அமுக்குங்க நானா.

— ...

— இவ்வளவு சத்தமாவா கேக்கும். கோயில் மணி மாதிரியே இருக்கு. போதும் நானா, கைய எடுங்க. போதும்.

— நான் இன்னும் அமுக்கவே இல்ல தங்கச்சி.